ஆல்ஃபா எப்சிலான் ஃபை: யூதப் பெண்கள் தொடங்கிய சங்கத்தில் நம் பெண் சேரலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு படிக்கும் தம் மகள் ஆல்ஃபா எப்சிலான் ஃபை என்ற சொராரிட்டியில் சேர நினைக்கிறாள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கட்டணத்தைக் கூட அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அது யூதப் பெண்கள் தொடங்கிய சங்கம் என்பதுதான் அவரைக் குழப்பியது. "நம்ம பொண்ணு அங்கே போய் என்ன செய்வா?" என்று கேட்டார். சந்தா கட்டிப் பெறும் எந்தச் சேவையையும் எடைபோடுவது போலவே இதையும் எடைபோட்டு அவருக்குச் சொன்னவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கல்லூரி மாணவியர் சங்கம். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொள்வார்கள், சில வளாகங்களில் ஒரே வீட்டில் தங்குவார்கள், வாரந்தோறும் கூடுவார்கள், நற்பணிகளுக்கு நிதி திரட்டுவார்கள். பட்டம் பெற்றுப் போன பிறகும் உறுப்பினர் உறுப்பினரே. இவையெல்லாம் எல்லாச் சொராரிட்டிகளிலும் கிடைப்பவை என்பதால், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க உதவுவது அதனதன் வரலாறு மட்டுமே. இந்தச் சங்கத்தின் வரலாறு சற்று நின்று பார்க்க வேண்டியது.

1909ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று, நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில், ஹெலன் ஃபிலிப்ஸ் என்ற மாணவியின் முயற்சியில் 7 யூத மாணவியர் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். அக்காலச் சொராரிட்டிகளில் பல யூதப் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. சிலவற்றில் அது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது, மற்றவற்றில் யாரும் எழுதி வைக்கத் தேவையில்லாத வழக்கமாக இருந்தது. இதில் ஒரு முரணும் உண்டு. பர்னார்ட் கல்லூரி 1889இல் உருவாக முன்னின்று பாடுபட்டவர் ஆனி நேதன் மேயர் என்ற யூதப் பெண்மணி. அதன் முதல் பொருளாளரான ஜேக்கப் ஷிஃப் ஒரு யூத வங்கியாளர். யூதர் உழைப்பும் யூதர் பணமும் சேர்ந்து எழுப்பிய கல்லூரிகூட, யூத மாணவியர் தோழமைக்காகத் தனியே ஒரு சங்கம் தேடிய காலத்துக்கு விதிவிலக்காக அமையவில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென ஒன்றைக் கட்டும்போது எந்த அச்சில் வார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் பெயர் கிரேக்கம். அதன் குறிக்கோள் வாசகமான "மூல்ட்டா கோர்டா, ஊனா கௌசா", அதாவது "பல இதயங்கள், ஒரே நோக்கம்", லத்தீன். எபிரேய மொழி இரண்டிலுமே இல்லை. வண்ணங்கள் பச்சையும் வெள்ளையும், மலர் பள்ளத்தாக்கு லில்லி, சின்னமாகக் கொண்ட விலங்கு ஒட்டகச்சிவிங்கி. வாசலில் நிறுத்தியவர்களுடைய வீட்டைப் போலவே, அதே சாளரமும் அதே படிக்கட்டும் வைத்துத் தங்களுக்கும் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள் என்றுதான் இதை என்னால் வாசிக்க முடிகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய நியூயார்க்கில் குடியேறியவர் வீட்டுப் பெண்ணொருத்தி தானும் மற்ற மாணவியரைப் போன்ற ஒரு மாணவிதான் என்று நிறுவ வேறு என்ன வழி இருந்திருக்கும்? ஆனால் அந்த வீட்டின் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இவர்கள்தான் முதலாமவர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்று ஹன்டர் கல்லூரி என்றழைக்கப்படும் நிறுவனத்தில் 1903இலேயே அயோட்டா ஆல்ஃபா பை என்ற யூதச் சொராரிட்டி தோன்றி, 1971இல் மறைந்தது. 1917 மார்ச்சில் மட்டும் இரண்டு சங்கங்கள் பிறந்தன: நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் 5 பெண்கள் தொடங்கிய டெல்டா ஃபை எப்சிலான் ஒன்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 7 பெண்கள் தொடங்கிய சிக்மா டெல்டா டவ் மற்றொன்று. அமெரிக்கச் சொராரிட்டிகளின் பொது மாநாட்டமைப்பு (நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ்) 1902இலேயே உருவானது என்றாலும், ஆல்ஃபா எப்சிலான் ஃபை அதில் இடம்பெற்றது 1951இல்தான். தொடங்கி 42 ஆண்டுகள் காத்திருந்த பிறகே பொதுப் பந்தியில் இலை கிடைத்தது.

சரி, இன்று இந்தச் சங்கம் எதற்காக நிற்கிறது? விழுமியம் என்ற சொல்லை எல்லாச் சங்கங்களும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. நட்பு, தலைமைப் பண்பு, சேவை என்று பட்டியலிடாத சொராரிட்டியே இல்லை. ஆகவே நான் சொல்லைப் பார்க்காமல், திரட்டும் பணம் எங்கே போகிறது என்று பார்த்தேன். இங்கே அது முக்கியமாக இரண்டு இடங்களுக்குப் போகிறது.

ஒன்று, எலிசபெத் கிளேசர் குழந்தைகள் எய்ட்ஸ் அறக்கட்டளை. எலிசபெத் கிளேசர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்தச் சங்கத்தில் இருந்தவர். 1981இல் மகப்பேற்றின்போது ஏற்றிய ரத்தத்தின் வழியே அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, தாய்ப்பால் வழியே அது மகளுக்கும் சென்றது. 1988இல் மகள் இறந்த அதே ஆண்டில் தோழியர் இருவருடன் சேர்ந்து அவர் இந்த அறக்கட்டளையை நிறுவினார். 1994இல் அவரும் மறைந்தார். ஒரு சகோதரிக்கு நேர்ந்ததைச் சங்கம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

மற்றொன்று ஷார்ஷெரெட். எபிரேயத்தில் இதற்குச் சங்கிலி என்று பொருள். 28 வயதில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான ரொஷெல் ஷோரெட்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் 2001இல் தொடங்கிய அமைப்பு இது. அவர் அதற்கு முன் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்கிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றியவர். அந்தக் கின்ஸ்பர்கோ 1954இல் கார்னெலில் பட்டம் பெற்றவர், மாணவப் பருவத்தில் ஆல்ஃபா எப்சிலான் ஃபை உறுப்பினர். யாரும் திட்டமிட்டுக் கோத்த சங்கிலி அன்று என்றாலும், பெயருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. (விண்வெளிக்குச் சென்று 1986இல் சேலஞ்சர் விபத்தில் உயிர்நீத்த ஜூடித் ரெஸ்னிக்கும் இந்தச் சங்கத்தவரே.)

இந்தப் பணி ஏன் யூதப் பெண்களுக்கு இவ்வளவு நெருக்கமானது என்பதை ஒரு வளாகத்தில் இச்சங்கத்தவர் இளஞ்சிவப்புத் துணி விரித்துப் போட்டிருந்த மேசையருகே நின்றபோது அறிந்துகொண்டேன். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) யூத வம்சாவளியினரில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவர் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுத் திரிபைச் சுமக்கிறார். பொதுவான மக்கள்தொகையில் இந்த விகிதம் பல மடங்கு குறைவு. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு 19 வயது இருக்கலாம். என் குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் வந்ததுண்டா என்று கேட்டாள். அம்மா வழியில் எவரும் இல்லை என்றேன். "அப்பா வழியில்?" என்று உடனே கேட்டாள். அந்தத் திரிபு தந்தையிடமிருந்தும் வரலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கும் மேசையாக அது இல்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சங்கம் தன்னை யூத மரபில் தோன்றியதாகச் சொல்லிக்கொள்கிறதே தவிர, மதச் சங்கமாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த மரபை மதிக்கும் எந்த மதத்துப் பெண்ணும் சேரலாம். கிளைக்குக் கிளை இதன் சாயல் மாறும்: சில இடங்களில் வெள்ளிக்கிழமை மாலை ஷபாத் (யூதரின் ஓய்வுநாள்) விருந்து வழக்கமாக நடக்கும், வேறு சில இடங்களில் பண்டிகைக்கு மட்டும் நினைவுக்கு வரும். வழிபாடும் வேத வகுப்பும் தேடும் யூத மாணவிக்கு 1923இலிருந்து இயங்கிவரும் ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பே பொருத்தமான இடம். அங்கே எந்தத் தேர்வும் இல்லாமல் நுழையலாம். சொராரிட்டியில் கிடைப்பது மதம் அன்று, தன்னைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாத தோழமை. யூதரல்லாத பெண்ணுக்கு அந்தத் தோழமை தானாகக் கைகூடாது. கேட்கவும் கற்கவும் மனம் இருந்தால் கைகூடும்.

இனிக் குறைகள். பணம் முதலாவது. கட்டணம் வளாகத்துக்கு வளாகம் மாறும். முதலாண்டில் சேர்க்கைக் கட்டணமும் சேர்வதால் கூடுதலாக இருக்கும். சங்க வீட்டில் தங்கினால் வாடகையும் சாப்பாடும் தனி. சீருடை போலாகிவிட்ட சட்டைகள், பரிசுகள், நிகழ்ச்சிச் செலவுகள் என்று பட்டியலில் வராத சில்லறைச் செலவுகளும் எல்லாச் சொராரிட்டிகளிலும் உண்டு. அதைவிட என்னை உறுத்துவது சேர்க்கை முறை. சில நாள்களுக்கு, சேர விரும்பும் மாணவியர் ஒவ்வொரு சங்கமாகச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் சிறிது நேரம் பேசிவிட்டு வருவார்கள். இரு தரப்பும் விருப்பப் பட்டியல் தர, கணக்கிட்டுப் பொருத்திவிடுவார்கள். அந்தச் சிறிது நேரப் பேச்சில் 18 வயதுப் பெண்ணொருத்தியை எடைபோட்டு, வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் நான் முன்பு சொன்ன கெட்டது. இது இன்று எழுந்த வாதமும் அன்று. பர்னார்டிலேயே, பின்னாளில் இதழாசிரியராகப் புகழ்பெற்ற ஃப்ரீடா கிர்ச்வே மாணவியாக இருந்தபோது இச்சங்கங்கள் மாணவியரிடையே ஏற்றத்தாழ்வை வளர்க்கின்றன என்று எதிர்த்தார். 1913இல் அங்கே புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. ஆல்ஃபா எப்சிலான் ஃபை பிறந்த இடத்தில் வேர் அறுபட்டும் பிற கல்லூரிகளில் தழைத்தது. வெளியே நிறுத்தப்பட்டதன் வலியை நிறுவனக் கதையாகவே சொல்லும் ஒரு சங்கம், ஆண்டுதோறும் சிலரை வெளியே நிறுத்தும் முறையைக் கைவிடாமல் இருப்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. பொது அமைப்பின் விதி அது என்று பதில் சொல்வார்கள்; உண்மைதான், அதில் சேரத்தான் 42 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அந்தச் சேர்க்கை முறைதான்.

சேர்வதென்று முடிவானால் ஒன்றை மறக்க வேண்டாம். முறையான சேர்க்கை வாரத்தின் இறுதியில் மாணவி கையெழுத்திடும் படிவம் வெறும் விருப்பப் படிவம் அன்று, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். தான் பட்டியலிட்ட சங்கம் அழைத்த பிறகு அவள் மறுத்தால், அடுத்த ஆண்டின் சேர்க்கைக் காலம் வரை அதே வளாகத்தில் பொது அமைப்பைச் சேர்ந்த வேறு எந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. ஆகவே கட்டண விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, படிவத்தை முழுவதும் படித்து, அதன் பிறகு கையெழுத்திடச் சொல்லுங்கள் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.