மீன்சந்தைப் பக்கச் சாப்பாட்டுக்கடையும் அதன் கடன் கொப்பியும்

திருகோணமலை மீன்சந்தைக்குக் கிட்ட இருக்கிற இந்தக் கடைக்கு இடியப்பத்துக்காகத்தான் போவேன். சொதியில் வெந்தயம் மணக்கும், சம்பல் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். தேத்தண்ணி மட்டும் வெறும் சீனிப்பாகு.

கல்லாவுக்குப் பின்னால் நூல் கட்டித் தொங்கும் கடன் கொப்பிதான் விசேஷம். வாடைக் காற்றில் கடல் குழம்பும் மாதங்களில் மீன்பிடிக்கிற ஆட்களுக்கு முதலாளி கடன் கொடுப்பார். கடல் அடங்கிப் பணம் வந்ததும் பெயரை வெட்டுவார். "மாதா மாதம் கணக்கு நேராக வேணும் எண்டால் மார்கழியிலயே கடையைப் பூட்டவேணும் தம்பி" என்றார்.

வரவும் செலவும் வருடாவருடம் சமமாக இருக்க வேண்டும் என்று அரசைச் சட்டத்தால் கட்டிப்போடச் சொல்பவர்கள் இங்கே ஒருநாள் சாப்பிடலாம். அதற்காக வரம்பே வேண்டாம் என்பதல்ல. 2003இல் இலங்கையிலும் ஒரு சட்டம் வந்தது: 2006க்குள் அரசின் வரவை மீறிய செலவு, அதாவது பற்றாக்குறை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமாம். அடங்கவில்லை, கேட்க ஆளுமில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே நிறுத்தினோம். முதலாளியிடம் அந்தக் கதை நடக்காது: போன வாடைக் கணக்கு தீராமல் இந்த வாடைக்குப் பெயர் ஏறாது.

பராட்டா சுமார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு இடியப்பம் கிடைக்காது, நேரத்தோடு போங்கள்.