கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு வேர்ச் சாராயக் கடை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாலு மரப்பலகையை அடித்து நிறுத்திய கடை, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். எல்லாவற்றிலும் அக்பெதெஷி, அதாவது எண்ணெய்ப்பனைக் கள்ளையோ கரும்புச் சாற்றையோ காய்ச்சி வடித்த கானா நாட்டுச் சாராயம். வெள்ளைக்காரன் தடை போட்ட காலத்தில் ஒளித்துக் குடித்ததால்தான், அக்ரா பக்கத்து மக்கள் பேசும் கா மொழியில் இந்தப் பெயராம்.

முதலில் மகோகனிப் பட்டை ஊறியது. நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது, அதுவே ஒரு நிமிடம் மரத்துவிட்டது. அடுத்தது ஹுவென்தியா, கறுத்துச் சுருங்கிய நீளக் காய். மிளகுக் காரமும் லேசான புகைவாசமுமாக நெஞ்சு வரை இறங்கியது, இதற்காகவே மறுபடி போவேன். நிபிமா வேர் ஜாடி மட்டும் மஞ்சளாக மின்னியது. மலேரியாவுக்கு இங்கே காலங்காலமாகக் கொடுக்கிற வேர்தான், ஆனால் கடைக்கார அம்மா "மாத்திரையே வேண்டாம்" என்றது கொஞ்சம் ஓவர்.

குறை? எந்த ஜாடியிலும் சீட்டு இல்லை, சரக்கு எவ்வளவு வீரியம் என்று அவருக்கே தெரியவில்லை, அப்புறம் எல்லா கிளாசும் ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழுகிறது. சொந்தமாக ஒரு கிளாஸ் கொண்டுபோங்கள்.