மூன்று பத்திக் கட்டம்: தூரம், வேகம், நேரக் கணக்குகளில் 11 ஆண்டு அனுபவம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், எங்கள் வீட்டு முகப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இந்த ஆனியோடு 11 ஆண்டுகள் ஆகின்றன. காரணிப்படுத்துக, சுருக்குக, தீர்க்க என்று நேராகக் கேட்டால் தயங்காமல் போட்டுவிடும் பிள்ளைகள்கூட, "ஒரு பேருந்து" என்றோ "ஒரு தொடர்வண்டி" என்றோ வினா தொடங்கிய உடனே பேனாவை மூடி வைத்துவிடுவதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். அவர்களுக்கு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியும்; அந்தச் சமன்பாடு வினாவின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் தெரியாது. அந்தக் குறைக்கு நான் கைக்கொண்டது மூன்று பத்திகள் கொண்ட ஒரு சாதாரணக் கட்டம். அது எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் பயன்படுத்தியது முக்கோணம். மேலே தூரம், கீழே இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் நேரம் என்று எழுதி, வேண்டியதை விரலால் மறைத்தால் எஞ்சியிருப்பது வாய்பாடாகிவிடும். ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அது தாராளமாகப் போதும், ஏனெனில் அங்கே ஒரு வண்டி, ஒரு பயணம், தெரிந்த எண்கள் இரண்டு. பத்தாம் வகுப்பு வினாவிலோ பயணங்கள் இரண்டு இருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மற்றவை "அதைவிட இவ்வளவு கூடுதல்", "இதைவிட இவ்வளவு குறைவு" என்று ஒன்றையொன்று சார்ந்து நிற்கும். முக்கோணத்தில் எதை மறைப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் விழிப்பதைப் பார்த்த பிறகுதான் அதை விட்டேன்.

கட்டம் போடுவது என் கண்டுபிடிப்பு அன்று. பல ஆசிரியர்கள் போடுவதுதான். ஆனால் அதன் பத்திகளை எந்த ஒழுங்கில் நிரப்ப வேண்டும் என்பது எங்கள் ஐயாவின் பேரேட்டை நினைத்துக்கொண்டபோதுதான் எனக்குத் தெளிவானது. பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்காரச் சிறுவனாகச் சேர்ந்து, கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர் அவர், சிறுமியாக இருந்த என்னிடம் வரவு, பற்று, இருப்பு என்ற மூன்று பத்திகளைக் காட்டி, "இருப்பு எவ்வளவுன்னு யாரும் வந்து சொல்ல மாட்டாக ஆத்தா, நாமதான் போட்டுப் பாக்கணும், போட்ட பெறகு பெட்டியில உள்ள காசோட ஒத்துப் பாக்கணும்" என்பார். இயற்கணிதக் கட்டத்துக்கும் இதுவே விதி என்பது எனக்கு உறைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

விதியைச் சொல்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி; பத்திகள் தூரம், வேகம், நேரம். ஒரு பத்தியை வினா எண்ணாகவே தந்துவிடும், அதை எழுதிவிட வேண்டும். இன்னொரு பத்தியைத் தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து நிரப்ப வேண்டும். மூன்றாவது பத்தியை வினாவைப் பார்த்து நிரப்பவே கூடாது. முதல் இரண்டையும் கொண்டு பெருக்கியோ வகுத்தோதான் நிரப்ப வேண்டும். அந்த மூன்றாவது பத்தியைப் பற்றி வினா கூறும் செய்தியைத் தொடாமல் கையில் வைத்திருக்க வேண்டும். அதுதான் பெட்டியில் உள்ள காசு. இருப்பையும் காசையும் ஒத்துப் பார்க்கும் இடத்தில் சமன்பாடு பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு 84 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேருந்து சீரான வேகத்தில் அங்கே செல்கிறது. மணிக்கு 14 கி.மீ. கூடுதல் வேகத்தில் சென்றிருந்தால் அரை மணி நேரம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். பேருந்தின் வேகம் என்ன? தூரப் பத்தியில் இரண்டு வரியிலும் 84. தெரியாத வேகத்தை வே என்று குறிக்கிறேன். தேர்வுத் தாளில் பிள்ளைகள் எக்ஸ் என்றே எழுதுகிறார்கள் என்றாலும், வே என்று எழுதிப் பழகியவர்கள் விடை கிடைத்த பிறகு அது வேகமா நேரமா என்று திகைப்பதில்லை. வேகப் பத்தியில் வே, வே + 14. இப்போது நேரப் பத்தி. "அரை மணி" என்ற சொற்கள் வினாவில் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் நே, நே − ½ என்று எழுதிவிடப் பிள்ளைகளின் கை துடிக்கும். அப்படி எழுதினாலும் விடை வரும், ஆனால் தெரியாதவை இரண்டாகி வழி நீண்டுவிடும். பாதியில் விட்டவர்களே மிகுதி. விதிப்படி நிரப்பினால் 84/வே, 84/(வே + 14) என்று வருகிறது. மெதுவாகச் செல்வதுதான் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, அதுவரை கையில் வைத்திருந்த அரை மணியோடு பொருத்துகிறோம்: 84/வே − 84/(வே + 14) = ½. சுருக்கினால் வே² + 14வே − 2352 = 0, அதாவது (வே − 42)(வே + 56) = 0. வேகம் மணிக்கு 42 கி.மீ. சரிபார்த்தால் 84 கி.மீ. தூரத்தை 42-இல் கடக்க 2 மணி, 56-இல் கடக்க ஒன்றரை மணி.

இங்கே −56 என்ற மற்றொரு விடையை, வேகம் குறை எண்ணாக இராது என்று ஒரு வரி எழுதி ஒதுக்கிவிடுவது வழக்கம். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் ஒதுக்கினேன். பிறகு ஒருநாள் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கையில்தான், ஒதுக்கப்படும் எண்ணின் குறியை நீக்கினால் அது கூடுதல் வேகத்தில் சென்றிருக்கக்கூடிய பேருந்தின் வேகமாகவே ஒவ்வொரு முறையும் இருப்பதைக் கவனித்தேன். காரணம் எளியது: சமன்பாட்டில் வே இருக்கும் இடத்தில் −(வே + 14) என்று இட்டால் இரண்டு பின்னங்களும் இடம் மாறி, சமன்பாடு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. அன்றுமுதல், ஒதுக்கும் எண்ணை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒதுக்குங்கள் என்று சொல்கிறேன். அது மற்ற வேகத்தோடு ஒத்துவரவில்லையென்றால் காரணிப்படுத்தியதில் எங்கோ பிழை. ஒரே தூரம், வேகங்களின் வேறுபாடு, நேரங்களின் வேறுபாடு என்று அமைந்த கணக்குகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

என் வகுப்பில் இதற்குக் கரும்பலகைகூடத் தேவைப்படவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கட்டம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஒரு கல்லுக்கு ஒரு பதிவு என்று சாக்பீஸால் எழுதிவிட்டால் மூன்று கல் அகலம், இரண்டு கல் நீளம் போதும். பூ வேலைப்பாட்டின் மேல் எழுத்து தெளிவாகத் தெரியாது என்பதும், இரவு ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும் என்பதும் குறைகள். இரண்டாவது குறையை என் மாமியார் 11 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்.

ஒன்றைப் பின்தொடர்ந்து மற்றொன்று பிடிக்கும் கணக்குகளில் கட்டத்தின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து நடந்து கிளம்புவது எங்கள் பிள்ளைகள் அனைவரும் அறிந்த காட்சி. ஆகவே கணக்கையும் அங்கிருந்தே எடுத்தேன்: நடப்பவர்கள் அதிகாலை 3 மணிக்கு, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறார்கள், காலை உணவு ஏற்றிய வண்டி 7 மணிக்கு, மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது, எங்கே அவர்களைப் பிடிக்கும்? வேகப் பத்தி எண்களால் நிரம்புகிறது. வண்டிக்கு நே மணி என்றால் நடப்பவர்களுக்கு நே + 4 மணி. முந்திக் கிளம்பியவருக்கு நேரம் குறைவு என்று எண்ணி நே − 4 எழுதுவதே இங்கு வழக்கமாக வரும் பிழை, "யார் கால் அதிகம் வலித்திருக்கும்?" என்று கேட்டால் திருத்திக்கொள்வார்கள். தூரப் பத்தியைப் பெருக்கி நிரப்பினால் 4(நே + 4), 36நே. கையில் வைத்திருக்கும் செய்தி, பிடிக்கும் இடத்தில் இரண்டு தூரமும் ஒன்றே என்பது. நே = ½; ஏழரை மணிக்கு, 18 கி.மீ. தொலைவில். இதே கணக்கை இரண்டு தொடர்வண்டிகளை வைத்துக் கொடுத்தபோது பாதிப் பேர் தவறவிட்டதும், நடப்பவர்களை வைத்துக் கொடுத்தபோது ஏறக்குறைய அனைவரும் போட்டதும் எனக்கு இன்றுவரை வியப்புதான்.

கட்டத்தால் தீராத தொல்லை அலகு. 1 மணி 30 நிமிடத்தை 1.30 என்றும், 20 நிமிடத்தை 0.20 என்றும் எழுதும் பழக்கம் கடிகாரத்திலிருந்து வருகிறது. கட்டம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே போகும் எண் தவறானால் வெளியே வருவதும் தவறுதான். நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் பின்னமாகவே எழுது, தசமப் புள்ளியைத் தொடாதே என்பதே இதற்கு நான் கண்ட ஒரே வழி. கால், அரை, முக்கால் எல்லாருக்கும் வாயில் இருக்கின்றன. பழைய பின்னங்களில் மா என்பது இருபதில் ஒன்று என்பதால் 3 நிமிடம் ஒரு மா மணியாகிறது, 12 நிமிடம் நாலு மா. இதைச் சொல்லிக்கொடுத்த ஆண்டில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் 12 நிமிடம் ஐந்தில் ஒரு பங்கு மணி என்பதை அந்த வகுப்பில் எவரும் மறக்கவில்லை.

சராசரி வேகத்தில் கட்டம் வேறு விதமாக உதவியது. தேவகோட்டைக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் 60-இல் திரும்பினால் சராசரி என்ன என்று கேட்டேன்.

"நாப்பதும் அறுபதும், அம்பதுதானே டீச்சர்? இதுக்கு எதுக்குக் கட்டம்?" என்றான் ஒருவன்.

"தூரம் இருபது கிலோமீட்டர்னு வச்சுப் போட்டுப் பாரு தம்பி" என்றேன்.

போக 30 நிமிடம், வர 20 நிமிடம், 40 கி.மீ. தூரத்துக்கு 50 நிமிடம். மணிக்கு 48 கி.மீ. கட்டத்தின் அடியில் கூட்டு வரி என்று ஒன்றைச் சேர்த்து, தூரத்தையும் நேரத்தையும் மட்டும் கூட்ட வேண்டும், வேகப் பத்தியை ஒருபோதும் கூட்டக் கூடாது என்ற விதியை அதன் பிறகுதான் சேர்த்தேன். மெதுவான பயணம் கூடுதல் நேரம் பிடிப்பதால் சராசரி அதன் பக்கம் சாய்கிறது என்பதை அவன் தானாகவே சொன்னான், ஆனால் மூன்று நாள் கழித்து.

படகுக் கணக்குகள் எங்கள் பகுதியில் ஒரு தனிக் குறை. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த நீர்நிலை ஊரணி. ஊரணியில் ஓட்டம் கிடையாது. "நீரோட்டத்தை எதிர்த்து" என்பதை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஆடிக் காற்றில் சைக்கிள் மிதிப்பதை உவமையாகச் சொல்லித்தான் புரியவைக்கிறேன். காற்றின் வேகம் சைக்கிளின் வேகத்திலிருந்து அப்படியே கழிந்துவிடாது என்பதால் இது முழுச் சரியான உவமை அன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். அசையா நீரில் மணிக்கு 10 கி.மீ. செல்லும் படகு 24 கி.மீ. போய்த் திரும்ப 5 மணி எடுத்தால், ஓட்டம் ஓ என்று வைத்து வேகப் பத்தியில் 10 + ஓ, 10 − ஓ. நேரப் பத்தியின் கூட்டு 5 என்றால் ஓ² = 4, ஓட்டம் மணிக்கு 2 கி.மீ. இங்கும் −2 என்று ஒரு விடை வருகிறது. ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

நடைமேடையைத் தொடர்வண்டி கடக்கும் கணக்குகளுக்குக் கட்டம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வண்டியின் நீளத்தையும் தூரத்தோடு சேர்க்க வேண்டும், மணிக்குக் கி.மீ. கணக்கை 5/18-ஆல் பெருக்கி வினாடிக்கு மீட்டராக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

இந்த முறையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான குற்றச்சாட்டு ஒரு மாணவியிடமிருந்து வந்தது. பல்லவன் விரைவுத் தொடர்வண்டி காரைக்குடியில் கிளம்பிப் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் நின்று நின்றுதானே சென்னைக்குப் போகிறது, கட்டத்தில் அந்த நிற்கும் நேரம் எங்கே என்று கேட்டாள். "சீரான வேகம்" என்ற சொற்கள் வினாவில் எதற்காக இருக்கின்றன என்பதை அதுவரை நான் ஒரு வகுப்பில்கூட விளக்கியிருக்கவில்லை. இப்போது முதல் நாளே அதைச் சொல்லிவிட்டு, நிற்கும் நேரம் கொடுக்கப்பட்ட வினாவானால் அதற்குத் தனி வரி போட வைக்கிறேன்: தூரம் 0, வேகம் 0, நேரம் மட்டும் எண். அந்த ஒரு வரியில் மட்டும் மூன்றாவது பத்தியை வகுத்து நிரப்ப முடியாது, வினாவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்பதை, ஆண்டுக்கு ஒருவராவது நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சமன்பாடு தானாகவே கண்ணுக்குத் தெரிந்துவிடும் பிள்ளைகளிடம் நான் கட்டத்தை வற்புறுத்துவதில்லை. அவர்களுக்கு அது கூடுதல் எழுத்துவேலை. ஐந்து மதிப்பெண் வினாவில் கட்டம் போட ஒன்றிரண்டு நிமிடம் செலவாகும் என்பதும் உண்மை. இந்த ஆண்டு புதிதாகச் சேர்த்திருப்பது ஒன்றே: பத்தியின் தலைப்பில் கி.மீ., மணி என்று அலகை எழுதாமல் கொண்டுவரும் கட்டத்தை நான் பார்ப்பதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முதல் வாரத்தில் பத்துப் பேரும் ஒருமுறையாவது திரும்பிச் சென்றார்கள். இப்போது இருவர்தான் செல்கிறார்கள்.