ஆத்துப் பள்ளத்துக்கு மேல தொங்கு பாலம்: சங்கிலியா, கம்பி கேபிளா?

நம்ம சென்னையில பாலம்னாலே கீழ இருந்து எழும்பி வர்ற விஷயம்தான், கூவத்து மேல நேப்பியர் பாலமாகட்டும் மெட்ரோ லைனாகட்டும், தூண் நிக்கும், அப்புறம் அது மேல மத்ததெல்லாம் வந்து உக்காரும். ஆனா ரெண்டு பக்கமும் 200 அடி செங்குத்துப் பாறை, கீழ படகு விட முடியாத வெள்ளம்னா தூணைப் பத்தி யோசிக்கவே முடியாது. 1800-கள்ல அந்த மாதிரி இடத்துல பாலம் போட வந்த இஞ்சினியருங்க முன்னாடி முக்கியமா ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு இரும்புப் பட்டைங்கள கண்ணி கண்ணியா கோத்த சங்கிலி, இன்னொண்ணு மெல்லிசான கம்பிங்கள ஆயிரக்கணக்குல சேத்துக் கட்டின கேபிள். எது ஸ்ட்ராங்குன்னு மட்டும் பாத்து இத முடிவு பண்றது எனக்கு சரியா படல. அந்தக் கரைக்கு அத எப்படிக் கொண்டு போய் சேப்பீங்கன்னுதான் முதல்ல கேக்கணும்.

சங்கிலிய எடுத்துப்போம். வேல்ஸ்ல மெனாய் ஜலசந்தி மேல இஞ்சினியர் டெல்ஃபோர்ட் கட்டினது 1826-ல திறந்தாங்க, ஸ்பேன், அதாவது ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல இருக்கற தூரம், 579 அடி. அங்க கீழ கடல் தண்ணி, அதனால சங்கிலியோட நடுப்பகுதிய பெரிய மிதவை மேல வச்சு கொண்டாந்து, 150 பேர் சேந்து சுழற்சி உருளைய சுத்தி மேல இழுத்துட்டாங்க. அருமையான வேலைதான், ஆனா அதுக்கு கீழ அமைதியான தண்ணி வேணும்.

இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கத்துல ஏவன் ஆத்துப் பள்ளத்துல கிளிஃப்டன் பாலம் கதை வேற. 1829-ல டிசைன் போட்டி வச்சாங்க, டெல்ஃபோர்டதான் நடுவரா கூப்டாங்க, அவர் வந்த டிசைன் எல்லாத்தையும் தள்ளிட்டு பள்ளத்தோட அடியில இருந்தே ரெண்டு கோபுரம் எழுப்பற மாதிரி தன்னோடத குடுத்தாரு. மெனாய்ல காத்து பண்ண வேலைய பாத்தவரு, நீள ஸ்பேன் மேல அவருக்கு வந்த பயம் நியாயமானது. கடைசில ரெண்டாவது போட்டில ஜெயிச்சது இளைஞரான புருனெல், 1831-ல வேலை ஆரம்பிச்சு, காசு தீந்து, வாங்கின சங்கிலியயே வித்து, 1859-ல அவரும் போயிட்டாரு. அவர் லண்டன்ல கட்டின ஹங்கர்ஃபோர்ட் பாலத்த பிரிச்சப்ப அந்த சங்கிலிய வாங்கிட்டு வந்து மத்த இஞ்சினியருங்க 1864-ல முடிச்சாங்க, ஸ்பேன் 702 அடி. அத மாட்டின விதத்த கவனிங்க: முதல்ல கம்பிக் கயிறுங்கள அந்தக் கரைக்கு இழுத்து, மேல பலகை போட்டு நடைபாதை பண்ணி, அது மேல நின்னுட்டுதான் கண்ணிய ஒவ்வொண்ணா கோத்தாங்க. அதாவது சங்கிலிப் பாலம் கட்டவே முதல்ல ஒரு கம்பிப் பாலம் தேவைப்பட்டுச்சு. என்னப் பொறுத்தவரைக்கும் பாதி கேஸ் அங்கயே முடிஞ்சு போச்சு.

இப்ப நயாகரா. அருவிக்குக் கீழ அந்த ஆறு ஓடற வேகத்துல மிதவையெல்லாம் கனவு. 1848-ல அங்க பாலம் போட வந்த எல்லெட்ங்கற இஞ்சினியர் முதல் நூல அந்தக் கரைக்குக் கடத்த ஒரு காத்தாடிப் போட்டி வச்சாரு, ஹோமன் வால்ஷ்னு ஒரு பையன் கனடா பக்கத்துல இருந்து காத்தாடி விட்டு நூலக் கடத்தினான். முதல் தடவ நூல் பனிக்கட்டில மாட்டி அறுந்து போச்சு, விடல, மறுபடி கடத்தினாங்க. காசிமேடு ராயபுரம் பக்கம் காத்தாடி பாத்து வளந்தவங்களுக்கு இந்த இடத்துல சிலிர்க்கும். அந்த நூல்ல கொஞ்சம் தடியான கயிறு, அதுல இன்னும் தடியானது, கடைசில கம்பி வடம், அதுல தொங்கின இரும்புக் கூடையில எல்லெட்டே உக்காந்து அந்தக் கரைக்குப் போனாரு. கம்பியோட பெரிய பலம் இதான், எவ்ளோ பெரிய கேபிளா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா கடத்தலாம். அப்புறம் ரோப்ளிங்னு இன்னொரு இஞ்சினியர் வந்து 1855-ல 821 அடி ஸ்பேன்ல ரெண்டடுக்குப் பாலம் முடிச்சாரு, மேல ரயில், கீழ வண்டி. நாலு கேபிள், ஒவ்வொண்ணுலயும் 3,640 கம்பி, அங்கயே கரைக்கும் கரைக்கும் இழுத்து சேத்தது.

உடையறதப் பத்தியும் பேசணும், இங்க கம்பிக்கு மட்டும் சர்டிபிகேட் குடுக்க முடியாது. 1850-ல பிரான்ஸ்ல ஆஞ்சே பாலம் கம்பிதான், சிப்பாய்ங்க கடந்தப்ப அறுந்து 200 பேருக்கு மேல செத்தாங்க. ஆங்கரேஜுக்குள்ள, அதாவது கேபிள் முனைய கரையில பிடிச்சுக் கட்டற இடத்துக்குள்ள, பூசி மூடின பகுதில கம்பி துருப்பிடிச்சது வெளிய யாருக்கும் தெரியல. சங்கிலில இந்தப் பிரச்சனை கம்மி, பட்டைய கண்ணால பாக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். ஆனா 1967-ல அமெரிக்காவுல ஒஹாயோ ஆத்து மேல இருந்த சில்வர் பாலத்துல ஒரு கண்ணிக்கு ரெண்டே பட்டை, அதுல ஒண்ணு விரிஞ்சதுல மொத்தப் பாலமும் விழுந்து 46 பேர் போயிட்டாங்க. கிளிஃப்டன்ல பக்கத்துக்கு மூணு சங்கிலி, ஒவ்வொரு கண்ணிலயும் நிறைய பட்டை, அதான் இன்னும் நிக்குது. கேபிள்ல நாலு கம்பி அறுந்தா மீதி தாங்கும்.

காத்து விஷயத்துல சங்கிலி கேபிள் ரெண்டுக்கும் ஒரே கதி. எல்லெட் அமெரிக்காவுல வீலிங்ங்கற ஊர்ல 1,010 அடிக்கு லேசா கட்டினது 1854 புயல்ல முறுக்கிக்கிட்டு விழுந்துச்சு. ரோப்ளிங் அதனாலதான் நயாகராவுல ஆழமான மர ட்ரஸ் (முக்கோணம் முக்கோணமா கோத்த சட்டம்), டவர்ல இருந்து சாய்வா இழுத்துக் கட்டின ஸ்டே கம்பி, அடியில பாறைக்கு இழுத்துக் கட்டின கம்பின்னு டெக்க, அதாவது பாலத்தோட தளத்த, விறைப்பாக்கினாரு, ரயிலயும் ரொம்ப மெதுவாத்தான் விட்டாங்க. 1897-ல எஃகு வளைவுப் பாலம் வர்ற வரைக்கும் அது ஓடுச்சு.

அதனால ஆழமான பள்ளம், நீள ஸ்பேன்னா நான் கண்ண மூடிட்டு கம்பிதான் சொல்வேன், ஆங்கரேஜ திறந்து பாக்க வழி வச்சா போதும். ஸ்பேன் சின்னது, கீழ சாந்தமான ஆறு, பக்கத்துல நல்ல கம்பி கிடைக்காதுன்னா சங்கிலி தப்பே கிடையாது. கல்லடை ஆத்து மேல 1877-ல கட்டின புனலூர் தொங்கு பாலம் அப்படிப்பட்டதுதான், எழும்பூர்ல கொல்லம் எக்ஸ்பிரஸ் ஏறினா செங்கோட்டை தாண்டி புனலூர்லயே இறங்கலாம், போனீங்கன்னா டவரப் பாத்துட்டு வந்துடாம சங்கிலிக் கண்ணிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடத்தயும் நின்னு பாருங்க.