பழைய வீணை: மேளம் கட்டுவதா, மரவேலை பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வீட்டில் ஒரு பழைய வீணை இருக்கிறது, நாதம் கெட்டுவிட்டது, சீர்செய்யலாமா அல்லது புதிது வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கெட்டிருப்பது தேய்கிற பகுதியா, மரமா? அதைப் பார்க்காமலே முடிவெடுப்பதால் எத்தனையோ நல்ல வீணைகள் பரணுக்குப் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வந்த புதியவற்றில் சில, பழையதன் நாதத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாதவை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. தோலாலான மூட்டு தளர்ந்தால் மூட்டை மாற்றுகிறார்கள். தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சான கரணை உதிர்ந்தால் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். கட்டை மட்டும் தலைமுறை தாண்டி நிற்கிறது. தோல் போனதற்காகக் கட்டையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. வீணையின் கணக்கும் இதுவே. ஏழு தந்திகள், தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகள், அவை பதிந்திருக்கும் மெழுகு, தந்தியை முறுக்கும் பிரடைகள், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள உலோகத் தகடு, சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கர் ஆகியவை தேய்வதற்கென்றே இருப்பவை. நாதம் எழும் குடம், அதை மூடும் மேற்பலகை, மெட்டுகள் இருக்கும் நீண்ட தண்டி, அதன் முனையிலுள்ள யாளி முகம் ஆகியவை உடம்பு. தேய்கிற பகுதிகளும் உடம்போடு ஒட்டிப் பிறந்தவைபோலத் தெரிவதால், மெழுகு இளகியதையும் மரம் விரிந்ததையும் ஒரே நோயாக எண்ணிவிடுகிறோம்.

24 மெட்டுகளை நிலையாகப் பொருத்தும் இன்றைய அமைப்பை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு சேர்த்துச் சொல்வது மரபு. அந்த மெட்டுகள் மரத்தில் அறையப்படவில்லை. மெழுகில் உட்கார வைக்கப்பட்டிருக்கின்றன. சூடுபடுத்தி எடுக்கலாம், நகர்த்தலாம், மறுபடியும் பதிக்கலாம். இப்படி மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப மெழுகில் அமைப்பதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். ஆகவே மேளம் கலைந்த வீணையைப் பழுதான வீணை என்று சொல்ல மாட்டேன். அது தன் இயல்பான சுற்றில் ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வழி: தந்தியும் மேளமும்

எதையும் தீர்மானிக்கும் முன் தந்திகளை மாற்றுங்கள். துருப்பிடித்த, ஆங்காங்கே நெளிந்த தந்தியை வைத்துக்கொண்டு எந்த வீணையையும் எடைபோட முடியாது. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள். குதிரை தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது. மொத்தமாகத் தளர்த்தினால் அது இடம் மாறி, இல்லாத குறையொன்று புதிதாக வந்து சேரும். ஒன்றை எடுத்து, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, சுருதி கூட்டிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

புதுத் தந்திகள் நிலைப்பட்டதும் முதல் தந்தியான சாரணியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் மேல் சட்ஜமும், கடைசி மெட்டில் அதற்கும் மேலுள்ள சட்ஜமும் சேர்கின்றனவா என்று பாருங்கள். மேலே போகப் போக விலகல் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால் குதிரை நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓரிரு மெட்டுகளில் மட்டும் சுருதி விலகி, மற்றவை சரியாக இருந்தால் அந்த இடத்தில் மெழுகு இளகியிருக்கிறது. சுருதி சரியாக இருந்து, சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது மட்டும் கரகரத்தால், மெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. அதிகம் புழங்கும் மெட்டுகளில், அதுவும் சாரணிக்குக் கீழே, இந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஆழமில்லாத பள்ளத்தை அரம்போட்டுத் தேய்த்துச் சமன்செய்துவிடலாம். பலமுறை தேய்த்து உயரம் குறைந்துபோன மெட்டை மாற்றத்தான் வேண்டும்.

எங்கிருந்தோ 'ஜிர்' என்று ஓசை வந்தால் பயந்துவிட வேண்டாம். தளர்ந்த லங்கர், தண்டிக்கு அடியில் சரியாகப் பூட்டப்படாத சுரைக்காய், பாதி பெயர்ந்து நிற்கும் அலங்காரப் பட்டை என்று காரணம் மிகச் சிறியதாக இருக்கலாம். ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே மீட்டினால் ஓசை நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

குதிரையின் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அந்தத் தகட்டின் மேல்வளைவு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நாதம் இருக்கும். தந்தி தகட்டின் மேல் படர்ந்து விலகும் விதத்தில்தான் வீணைக்கே உரிய அந்த நீண்ட ரீங்காரம் பிறக்கிறது. தகட்டில் தந்தித் தடம் ஆழமாக விழுந்துவிட்டாலோ, அடியில் வைத்த அரக்கு விட்டுப்போனாலோ ஒலி மந்தமாகி உடனே செத்துவிடும். கேட்பவர்கள் மரம் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். கைதேர்ந்த ஒருவர் தகட்டைத் தேய்த்துச் சீராக்கித் திரும்ப உட்கார வைத்ததும், அதே வீணை அறை முழுவதும் நிறைந்து ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த வழியையும் புதிய வீணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போட்டியே இல்லை. புதிய வீணைக்கும் தந்தி மாற்ற வேண்டும், மேளம் கட்ட வேண்டும். அன்றாடம் வாசிப்பவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மேளத்தைப் பார்க்கச் சொல்வது வழக்கம். வாசிக்கும் சுருதியை மாற்றினாலும், தந்தியின் கனத்தை மாற்றினாலும் மேளத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். எந்த வீணை வைத்திருந்தாலும் தவிர்க்க முடியாத ஒரு செலவைப் பழைய வீணையின் குறையாக எழுதுவது நியாயமில்லை.

இரண்டாம் வழி: உடம்பில் கைவைப்பது

சிக்கல் உண்மையில் தொடங்குவது இங்கேதான். வீணைக்குப் பலா மரத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. வைரம் பாய்ந்த பலா உறுதியானது, எளிதில் பூச்சி அரிக்காது, நன்றாக ஒலிக்கும். ஆனால் வைரத்துக்கு வெளியே இருக்கும் வெளிறிய பகுதி அப்படியல்ல. பழைய வீணையைத் தூக்கிய இடத்தில் மெல்லிய மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால், ஊசித்துளைபோல் ஓட்டைகள் இருந்தால், அங்கே பூச்சி இருக்கிறது. அலங்காரப் பட்டையின் ஓரத்தில் மட்டும் என்றால் மருந்து வைத்து நிறுத்திவிடலாம். தண்டியிலோ மேற்பலகையிலோ உள்ளே பரவி மரம் உளுத்துப்போயிருந்தால் அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

விரிசலை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். குடத்தில் மரத்தின் ஓட்டத்தோடு போகும் பழைய விரிசல் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடு போட்டு வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகும் விரிசல் கோட்டைத் தாண்டவில்லை என்றால், ஒட்டினால் போதும். மேற்பலகையில், குதிரையின் காலடியில் விழும் விரிசல் வேறு வகை. ஏழு தந்திகளின் அழுத்தமும் அங்கேதான் இறங்குகிறது. பலகை உள்வாங்கத் தொடங்கியிருந்தால் அதை மாற்ற நேரிடும். பலகை மாறினால் வீணையின் குரலும் மாறும். சீர்செய்த பின் கிடைப்பது பாதி புது வீணை என்பதைத் தெரிந்துகொண்டே இதற்குச் சம்மதிக்க வேண்டும். மூன்றாவது, குடமும் தண்டியும் சேரும் கழுத்தில் வரும் விரிசல். இதில் ஒரு வேடிக்கையான தலைகீழ் நிலை உண்டு. குடம், தண்டி, யாளி ஆகியவற்றைத் தனித்தனியே செய்து சேர்த்த ஒட்டு வீணையில் இணைப்பு விட்டுப்போனால், பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டிவிடலாம். உயர்ந்தது என்று போற்றப்படும் ஏகாண்ட வீணையில், ஒரே மரத்தில் குடைந்த கழுத்து பிளந்தால், அந்தப் பிளவை நம்பகமாகச் சேர்ப்பது கடினம். ஏகாண்டம் என்ற பெயருக்காக மட்டும் சீர்செய்யத் துணிவதும், ஒட்டு என்ற பெயருக்காக மட்டும் கைவிடுவதும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது தண்டியின் வளைவுக்குத்தான். பல்லாண்டு காலத் தந்தி இழுப்பில் தண்டி நடுவில் தாழ்ந்துவிடும். அதன் பக்கவாட்டு விளிம்பில் ஒரு நூலை இறுக்கமாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும். நடுப்பகுதியில் மெழுகு வழக்கத்தைவிடக் கனமாக ஏறியிருந்தால், முன்பே யாரோ வளைவை மெழுகால் ஈடுகட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். சிறிய வளைவுக்கு அது சரியான வைத்தியம்தான். வளைவு கூடிவிட்டால் தந்தி விரலை விட்டு உயர்ந்துபோகும். அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும், அழுத்தும்போதே சுருதியும் ஏறிவிடும். அந்த நிலைக்கு வந்த தண்டியை நேராக்கித் தருகிறேன் என்று யாராவது உறுதி கொடுத்தால், அவர் இதற்குமுன் நேராக்கிய ஒரு வீணையைக் காட்டச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.

மரவேலைக்குக் கொடுக்கும்போது இன்னொன்றும் முக்கியம். தஞ்சாவூர் வீணை, மைசூர் வீணை, பொப்பிலி வீணை ஒவ்வொன்றுக்கும் வடிவமும் கட்டும் முறையும் வேறு. உங்கள் வீணை எந்த மரபோ, அந்த மரபில் வீணை செய்பவரிடம் போவதே நல்லது. பழைய பொலிவு வரட்டும் என்று மேற்பலகையைச் சுரண்டித் தடித்த பாலிஷ் பூசச் சொல்லாதீர்கள். பலகையின் கனம் நாதத்துக்காக அளந்து வைக்கப்பட்டது.

மூன்றாம் வழி: புதிய வீணை

மேலே சொன்னவற்றைப் படித்துவிட்டு நான் புதிய வீணைக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். தண்டி வளைந்து, பலகை உள்வாங்கி, பூச்சியும் புகுந்த வீணையோடு ஒரு மாணவியைப் போராட விடுவது கொடுமை. கைக்குச் சுலபமாக இல்லாத கருவியில் கற்பவர், குறை தன்னிடம்தான் என்று எண்ணி விட்டுவிடுவார். வாசிப்பவரின் உடலுக்கு வீணை பெரிதாகவோ கனமாகவோ இருந்தாலும், இடக்கையால் மீட்டுபவராக இருந்தாலும் பழையதைத் திருத்தி அமைப்பதைவிடச் சொல்லிச் செய்துகொள்வதே சரி.

ஆனால் புதியது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. பண்ருட்டிப் பலா, தஞ்சாவூர் வேலை, புவிசார் குறியீடு எல்லாம் பெருமைக்குரியவைதான். மரம் எவ்வளவு காலம் காய்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. நான் வாங்குபவராக இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஈரம் முழுமையாக வற்றாத மரத்தில் செய்த வீணை, நம் வீட்டில் காயும்போது நெளியும், இணைப்பு விடும், மேளம் மறுபடி மறுபடி கலையும். பழைய வீணையில் வரக்கூடிய நெளிவும் வெடிப்பும் பெரும்பாலும் ஏற்கெனவே வந்து முடிந்துவிட்டன. கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். புதியதில் அது இனிமேல்தான் தெரியவரும். இந்த ஒரு விஷயத்தில் பழையதே நம்பிக்கையானது. நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்ததுகூட முதல் சில மாதங்களில் தந்தியும் மெழுகும் படியும்போது சற்று நகரும். செய்தவரே ஒருமுறை மேளத்தைத் திரும்பப் பார்த்துத் தருவாரா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

மின்னணு வீணையை மாற்றாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறைவு, பிரித்து எடுத்துச் செல்லலாம், மெழுகு இல்லாமல் மெட்டுகளை நகர்த்தும் வசதியுள்ளவையும் உண்டு, வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்தாலும் மெழுகு இளகுமோ என்ற கவலை இல்லை. பயணத்துக்கும் சிறிய வீட்டில் இரவுப் பயிற்சிக்கும் தயங்காமல் வாங்கலாம். குடத்திலிருந்து எழும் நாதத்துக்கு அது ஈடாகாது. இரண்டாவது கருவியாகத்தான் அதைச் சொல்வேன்.

பாட்டி வாசித்த வீணை என்ற பற்று இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? வரவேண்டிய இடத்தில் வரட்டும். நியாயமான செலவைச் சற்றே தாண்டினாலும் சீர்செய்யலாம் என்பதற்கு அது போதுமான காரணம். ஆனால் அந்தப் பற்றுக்காகத் தண்டி வளைந்த வீணையில் பிள்ளையைப் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள். அதைத் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வேறு வீணை கொடுங்கள்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதற்குப் பணம் சேர்க்கலாம் என்று திட்டமிடுபவர்கள், அதில் பதித்திருக்கும் வெள்ளை வேலைப்பாடு எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் கவலையில்லை. மிகப் பழைய வீணைகளில் யானைத் தந்தமோ மான்கொம்போ இருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடைசெய்தது. 1991 திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அதில் சேர்த்தது. மான்கொம்பு வணிகமும் இதே சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டதே. ஆகவே அப்படிப்பட்ட வீணையை விற்கவோ வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ நினைத்தால், வனத்துறையிடம் விசாரிக்காமல் ஓரடிகூட எடுத்துவைக்க வேண்டாம். புதியதற்கான கணக்கில் பழையதன் விலையை வரவாக எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, மீதியை வைத்து மறுபடி கூட்டிப் பாருங்கள்.