கொச்சி முதல் குளச்சல் வரை: பின்காற்றுப் பாய்கள் பற்றி ஒரு மதிப்புரை

தேங்காய்ப்பட்டணத்துக்காரனான நானும் என் மைத்துனரும் சேர்ந்து வைத்திருக்கும் 28 அடிப் பாய்ப்படகு, ஆண்டின் பெரும்பகுதி கொச்சியில் போல்காட்டித் தீவின் மரீனாவில் கட்டிக் கிடக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை விடுமுறை வாய்க்கும்போதெல்லாம் அதைத் தெற்கே ஓட்டி, கொல்லம், விழிஞ்ஞம் வழியாகக் குளச்சல் கடல் வரை வருவோம். படகில் நாங்கள் இருவர் மட்டுமே இருப்போம்; அதிலும் ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் தனியாள். பந்தயக்காரர்களைப் போல ஆறு பேர் நின்று கயிறு இழுக்கும் நிலை எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான், கடந்த இரண்டு பருவங்களில் நாங்கள் பயன்படுத்திய பின்காற்றுப் பாய்களைப் பற்றி எழுதுகிறேன்.

பாயைத் தேர்வதற்கு முன் கரையின் போக்கைப் பார்க்க வேண்டும். இந்தப் பருவத்தில் கேரளக் கரையில் விடியற்காலையில் கரைக்காற்று கிழக்குப் பக்கமிருந்து மெல்ல வீசி, முற்பகலில் அடங்கி, பிற்பகலில் கடற்காற்று வடமேற்கிலிருந்து எழும்பும். கொச்சியிலிருந்து கொல்லம் ஏறக்குறைய 65 கடல் மைல். போகும் திசை 165 பாகை அளவில் இருப்பதால், பிற்பகல் காற்று படகின் மூக்கிலிருந்து 150 பாகைக் கோணத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து பின்னால் வரும். தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் கரை தென்கிழக்காக வளைந்துவிடுகிறது. அங்கிருந்து விழிஞ்ஞத்துக்கு ஏறக்குறைய 40 மைல் தொலைவும் 142 பாகைத் திசையும் என்பதால், அதே வடமேற்குக் காற்று இப்போது நேர் முதுகில் விழுகிறது. விழிஞ்ஞத்திலிருந்து குளச்சல் வரையும் அப்படியே. ஒரே காற்று, ஒரே படகு. ஆனால் கொல்லத்துக்கு வடக்கே நல்ல பாய் எனப்பட்டது தெற்கே உதவாத துணியாகிவிடுகிறது. பாய் விற்பவர்களின் விளக்கத்தாள்களில் இருக்கும் கோணப் படங்களை நான் உண்மையாகப் புரிந்துகொண்டது இந்த வளைவில்தான்.

படகை வாங்கியபோது அதனோடு வந்தது பழைய வகைச் சமச்சீர் ஸ்பின்னேக்கர், அதாவது பின்காற்றில் பலூன்போல உப்பி நிற்கும், இரு பக்கமும் ஒத்த மெல்லிய பாய். நேர்பின்காற்றுக்கு அதைப் போல இழுக்கும் பாய் வேறில்லை. ஆனால் அதற்கு ஒரு கழி, கழியை மேலே தாங்க ஒரு கயிறு, கீழே அடக்க ஒரு கயிறு, பாயின் இரு மூலைகளுக்கும் தனித்தனிக் கயிறுகள் என்று ஒரு வலையே பின்ன வேண்டும். பக்கம் மாற்றும்போது ஒருவர் முன்தளத்தில் கழியைக் கழற்றி மறுமூலையில் மாட்ட, இன்னொருவர் சுக்கானையும் இரண்டு கயிறுகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். மூன்று முறை ஏற்றினோம். மூன்றாவது முறை இறக்கியபோது பாதிப் பாய் தண்ணீரில் இருந்தது. அதன்பின் அது பையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்து நாங்கள் வாங்கியது, உறையோடு கூடிய அசிமெட்ரிக் (இரு பக்கமும் ஒத்திராத) ஸ்பின்னேக்கர், 0.75 அவுன்ஸ் நைலான், 55 சதுர மீட்டர். உறைக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் ஆனது, சுங்கவரி தனி. இதற்குக் கழி வேண்டாம். பாயின் ஒரு கீழ்மூலை படகின் மூக்கில் ஒரு கயிற்றில் நிற்கும். மறுமூலையை ஒரே ஒரு தாமான் கயிறு இழுக்கும். பாய் முழுவதும் நீண்ட துணிக்குழாய்க்குள் அடங்கியபடியே மேலே ஏறும். குழாயின் அடியில் இருக்கும் அகன்ற வாய் வளையத்தைக் கயிற்றால் மேலே தூக்கினால் பாய் விரியும், கீழே இழுத்தால் சுருங்கும். மூக்கிலுள்ள கயிற்றை ஒரு மீட்டர் வரை தளர்த்தினால் பாயின் முன்விளிம்பு காற்றுப்பக்கமாக வெளியே புரண்டு, 150 பாகை வரையிலும் உயிரோடு நிற்கும். அதற்குமேல் பின்னால் திரும்பினால், படகின் முதன்மைப் பாயான பெரிய பாயின் நிழலில் விழுந்து தொங்கிவிடும். ஆலப்புழைக்கு வெளியே எட்டு நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்), வெறும் முன்பாயோடு மூன்று நாட் ஊர்ந்துகொண்டிருந்த படகு, இதை விரித்ததும் ஐந்து நாட்டுக்கு ஏறியது. அந்தப் பிற்பகலில் நாங்கள் கொடுத்த பணம் முழுவதும் செரித்துவிட்டது என்றே நினைத்தோம்.

குறை தெரிந்தது அதே பருவத்தின் பிற்பகுதியில். பின்காற்றில் ஓடும் படகு தன் வேகத்தைக் காற்றின் வேகத்திலிருந்து கழித்துவிடுவதால், 12 நாட் காற்றில் ஐந்தரை நாட் ஓடும்போது முகத்தில் படுவது ஆறரை நாட் மட்டுமே. அந்த இதமே பொறி. ஏதோ ஒரு அலை படகைப் பக்கக் காற்றுக்குத் திருப்பிவிட்டால், பாயின்மேல் படும் காற்று 13 நாட்டைத் தாண்டும். அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், நான்கு மடங்கு விசை ஒரு கணத்தில் வந்து விழும். அன்று காற்று மெல்ல 15 நாட்டுக்கு ஏறியதை நாங்கள் கவனிக்கவில்லை. இறக்கப் போனபோது உறையின் வாய் வளையம் நடுவழியில் சிக்கிக்கொண்டது. குழாய்க்குள் ஓடும் கயிற்றுக்குத் தனித் தடம் தைக்கப்பட வேண்டும். நாங்கள் வாங்கிய இடத்தில் அதைத் தளர்வாகத் தைத்திருந்ததால், கயிறு பாய்த்துணியோடு முறுக்கிக்கொண்டது. எழுதிக் கேட்டதற்கு, நாங்கள் தவறாக மடித்துவைத்தோம் என்ற பதில் வந்தது. கால்மணி நேரம் மைத்துனர் மூக்கில் உட்கார்ந்து இழுத்த இழுப்பில் கையின் தோல் உரிந்ததுதான் மிச்சம். எங்கள் ஊரில் ஒருகாலத்தில் பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய, பெரியப்பா முறையுள்ள ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார்: "தூக்குகதுக்கு ஆரும் தூக்கலாம் மக்கா, எறக்குகதுக்குத்தான் ஆளு வேணும்."

அதன்பின் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் படகை நேர்பின்காற்றுக்குத் திருப்பி, அசிமெட்ரிக் பாயைப் பெரிய பாயின் நிழலுக்குள் கொண்டுவருவோம். பிறகு தாமான் கயிற்றை முழுவதும் தளர்த்திப் பாயின் காற்றை வெளியேற்றிவிட்டே உறையைக் கீழே இழுப்போம். தளர்த்தாமல் இழுத்தால் இழுக்கும் ஆளைப் பாய் தூக்கிவிடும். இழுப்புக் கயிற்றைத் தளத்தில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, உட்கார்ந்தபடி இழுப்போம், கையில் சுற்றிக்கொள்வதில்லை. பக்கம் மாற்றும்போதும் பாயை விரித்தபடி மூக்குக்கு முன்னால் சுற்றவிடும் திறமையெல்லாம் எங்களுக்கு வேண்டாம். உறைக்குள் அடக்கி, பெரிய பாயை மாற்றி, மறுபக்கம் விரிப்பதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். முகத்தில் பத்து நாட் காற்றுப் பட்டால் இறக்கிவிடுவது, சூரியன் மறைந்தபின் ஏற்றாமலிருப்பது என்று இரண்டு வரம்புகளும் வைத்திருக்கிறோம். இரவில் இந்தக் கரை முழுவதும் வலை மிதவைகளும் விளக்குக் குறைந்த வள்ளங்களும் இருக்கும். இப்போது விழிஞ்ஞத்துக்கு வந்து போகும் பெரிய கொள்கலன் கப்பல்களும் சேர்ந்துகொண்டன. அரை நிமிடத்தில் திசை மாற்ற முடியாத பாயோடு அங்கே இருட்டில் இருக்கக் கூடாது.

கொல்லத்துக்குத் தெற்கே எங்களைக் காப்பாற்றியது, மூன்றிலும் மலிவான ஏற்பாடு: வழக்கமான சுருள் முன்பாயைக் காற்றுப்பக்கம் தள்ளிப் பிடிக்கும் ஒரு நீளும் அலுமினியக் கழி. பெரிய பாய் ஒரு பக்கம், முன்பாய் மறுபக்கம் என்று இறக்கை விரித்தாற்போல ஓடலாம். கழியை மேலே ஒன்று, முன்னே ஒன்று, பின்னே ஒன்று என மூன்று கயிறுகளால் தனியாக நிறுத்திவிடுவதே இதன் சூட்சுமம். அப்படி நிறுத்திவிட்டால் கழி பாயை நம்பி நிற்பதில்லை. காற்று ஏறும்போது சுக்கானருகில் உட்கார்ந்தபடியே முன்பாயைப் பாதியாகவோ முழுவதுமாகவோ சுருட்டிக்கொள்ளலாம், கழி தன் இடத்திலேயே நிற்கும். யாரும் முன்தளத்துக்குப் போக வேண்டியதில்லை. பெரிய பாயின் அடியைத் தாங்கும் கழியான பூம் தவறி மறுபக்கம் அடிக்காதபடி அதை முன்னோக்கி ஒரு கயிற்றால் கட்டிவைப்பதை மட்டும் மறக்கக் கூடாது. படகு இடமும் வலமும் உருளும் என்பது உண்மை. அந்த உருட்டலில் சமைத்த கஞ்சி பலமுறை தரையைச் சேர்ந்திருக்கிறது.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நேர்பின்காற்றில் போக வேண்டிய 40 மைலை, அசிமெட்ரிக் பாய்க்காக 30 பாகை விலகி வளைந்து வளைந்து ஓடினால் தொலைவு 46 மைலாகும். எட்டு நாட் காற்றில் எங்கள் படகு அப்படி ஓடி ஐந்து நாட் எடுப்பதால், இலக்கை நோக்கிய வேகம் நாலேகால் நாட்டுக்கு மேல். கழியோடு நேராகப் போனால் மூன்றரை. எனவே மெல்லிய காற்றில் வளைந்து ஓடுவது லாபம். பதினைந்து நாட் காற்றில் இரண்டு வழியிலும் ஐந்தரை நாட்டைச் சுற்றியே வருகிறது. நீர்க்கோட்டில் 23 அடி உள்ள உடல் ஆறரை நாட்டுக்கு மேல் எளிதில் ஓடாது. அப்படியிருக்க, கூடுதல் துணியும் கூடுதல் வியர்வையும் எதற்கு?

கோட் ஜீரோ என்ற பாயையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். 1997–98 விட்பிரெட் உலகப் பந்தயத்தில் பால் கயார்டின் இஎஃப் லாங்குவேஜ் படகு, மெல்லிய காற்றில் எதிர்ப்பக்கமாகவும் ஏறக்கூடிய தட்டையான பாயை, விதிப்படி ஸ்பின்னேக்கராகக் கணக்கில் வரும் அளவுக்கு நடுப்பகுதியை அகலமாக வெட்டிக் கொண்டுவந்ததில் இந்த வகை புகழ்பெற்றது. எங்கள் வழியில் விடியற்காலைக் கரைக்காற்று பக்கவாட்டில் வரும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அது அருமையாகப் பொருந்தும்; பின்காற்றுக்குப் பொருந்தாது. உறைக்குப் பதிலாக, மேலிருந்து கீழாகச் சுருட்டும் உருளையை வாங்கலாமா என்றும் யோசித்தோம்; முறுக்கைத் தாங்கும் தனிக்கயிறும் உருளையும் சேர்ந்து பாயின் விலையை நெருங்குவதால் விட்டுவிட்டோம். நடுவில் பிளவும் இறக்கையும் வைத்த பாராசெய்லர் நீண்ட கடல் தாண்டுபவர்களுக்கு உரியது; எங்கள் படகின் அளவுக்கு அதன் விலை பொருந்தாது.

ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் கழியை வாங்கட்டும். இரண்டாவதாக அசிமெட்ரிக் பாய். வாங்குமுன் உறையின் கயிற்றுத் தடத்தை உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கட்டும், வாய் வளையத்தின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். நைலான் வெயிலில் நைந்துபோகும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கொச்சியின் காற்றில் இரண்டுமே தாராளம். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறோம். மழைக்காலத்தில் பாயைக் காரில் ஏற்றி, களியக்காவிளை வழியாக ஊருக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு மச்சில் விட்டத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறோம். உறையை மட்டும் பிரித்து, கயிற்றுத் தடத்தைப் புதிதாகத் தைக்கக் குளச்சலில் ஒரு தையற்காரரிடம் கொடுத்திருக்கிறோம்; டிசம்பருக்குள் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.