பக்கத்துக் கட்டில்காரர் தூங்கட்டும்: ஹாஸ்டலுக்கு ஏற்ற கிளிப் விளக்கு

ராத்திரி 11 மணிக்கு மேல் ட்யூப்லைட் போட்டுப் படித்தால் அறையில் இருப்பவர்களின் தூக்கம் போய்விடும். சார்ஜ் செய்யும் கிளிப் விளக்கு அதற்கு அருமையான மாற்று. மஞ்சள் ஒளி, மூன்று நிலை வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விளக்கின் தலை நிமிர்ந்திருந்தால் வெளிச்சம் சுவரில் பட்டு எதிர்க் கட்டில்வரை தெறிக்கும்; புத்தகத்துக்கு ஒரு சாண் மேலே கவிழ்த்து வையுங்கள். 'டக்' என்று சத்தம் போடும் பொத்தான் வேண்டாம், தொடு சுவிட்சே மேல்.

குறை கிளிப்பில்தான். இரும்புக் கட்டிலின் உருண்டைக் குழாயில் வழுக்கி, விளக்கு மெல்லத் தலைகீழாகச் சுழன்றுவிடும். பழைய சைக்கிள் ட்யூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் குழாயில் சுற்றி, அதன்மேல் கவ்வவிட்டால் அசையாது. சார்ஜ் ஏறும்போது எரியும் சின்ன நீல விளக்கு இருட்டில் கண்ணை உறுத்தும். பகலிலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள்.